மதுரைக்கு இன்னொரு முகாம் வேண்டும்

சிகிச்சைக்கும் சான்றிதழுக்கும் முகாம் நடத்திப் பழகிய நகரம் இது. மாற்றுத்திறன் குழந்தைகள் ஒரு வாரம் கூடி வாழ்ந்து விளையாடவும் இங்கே ஒரு கோடை முகாம் நடக்க வேண்டும். ஏன் என்பதற்கு உலக வரலாறே சாட்சி.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டால் மதுரையில் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடைப் பயிற்சி, காந்தி அருங்காட்சியகத்தில் கோடை முகாம், பேட்டைக்குப் பேட்டை நீச்சல், சிலம்பம், ஓவியம், அபாகஸ் என்று ஏப்ரல் கடைசியிலிருந்தே நோட்டீஸ்கள் வரத் தொடங்கும். நடுவில் அழகர் ஆற்றில் இறங்குவார். பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றும். இந்தக் கோலாகலத்தில் கண்ணில் படாத குழந்தைகள் உண்டு. மூளை முடக்குவாதத்தால் கால் மடங்கிய குழந்தை, ஆட்டிசம் உள்ள குழந்தை, காது கேளாத குழந்தை, கண் தெரியாத குழந்தை. ஊரே விடுமுறையில் குதூகலிக்கும்போது இவர்களுக்கு அது ஆண்டிலேயே தனிமை மிகுந்த காலம். பள்ளி மூடியதும் சிறப்பாசிரியர் வருவது நிற்கிறது, பிசியோதெரபி நிற்கிறது, பேச்சுத் துணைக்கு இருந்த வகுப்புத் தோழர்களும் ஊருக்குப் போய்விடுகிறார்கள். காது கேளாதோர் விடுதிப் பள்ளியில் ஓயாமல் கைகளால் பேசிக்கொண்டிருந்த பிள்ளை, சைகை மொழி தெரிந்த ஒருவர்கூட இல்லாத வீட்டுக்குத் திரும்பி இரண்டு மாதம் மௌனமாக இருக்கிறது.

இந்தக் குழந்தைகளுக்கு முகாம் புதிதல்ல. வட்டார வள மையத்திலோ அரசுப் பள்ளி வளாகத்திலோ நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்கு அவர்கள் போயிருக்கிறார்கள். அம்மாவின் கையில் பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஆதார் நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பழைய மருந்துச் சீட்டுகள். பெஞ்சில் காத்திருந்து முறை வந்ததும் எலும்பு முறிவு மருத்துவர் காலை மடக்கி நீட்டிப் பார்க்கிறார், சதவீதம் எழுதுகிறார். 40 சதவீதத்தைத் தொட்டால்தான் பெரும்பாலான சலுகைகளுக்கு வழி. கேலிப்பருக்கு அளவெடுக்கிறார்கள். கேள்வி, பதில் எல்லாம் மருத்துவருக்கும் அம்மாவுக்கும் இடையில் நடக்கின்றன. குழந்தையிடம் பேர் கேட்டால் அதுவே அதிகம். இந்த முகாம்கள் தேவையற்றவை என்று யாரும் சொல்ல முடியாது. அடையாள அட்டையும் உதவித்தொகையும் சக்கர நாற்காலியும் இவற்றின் வழியாகத்தான் குடும்பங்களை வந்தடைகின்றன. ஆனால் ஒரு குழந்தை பதினெட்டு வயதுக்குள் காணும் முகாம் எல்லாமே உடலின் குறையைக் கணக்கெடுப்பதற்காக மட்டும் என்றால், தன்னைப் பற்றி அது என்ன முடிவுக்கு வரும்? தான் சரிசெய்யப்பட வேண்டிய ஒன்று, மற்றவர்கள் முடிவெடுக்கக் காத்திருக்க வேண்டிய ஒன்று என்ற முடிவுக்குத்தான். அந்த முடிவை உடைக்கும் வலிமை கூடி வாழும் கோடை முகாமுக்கு உண்டு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். உலகில் மாற்றுத்திறனாளிகளின் உரிமை வரலாற்றில் ஒரு முக்கியமான அத்தியாயம் அப்படியொரு முகாமோடு பிணைந்திருக்கிறது.

ஹன்டர் மலையடிவாரத்தில்

நியூயார்க் மாநிலத்தில் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் ஹன்டர் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1951ல் தொடங்கப்பட்டது 'ஜெனட்' முகாம். அப்போது அமெரிக்காவிலும் நிலைமை பெரிதாக ஒன்றும் மேம்பட்டிருக்கவில்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்த ஜூடித் ஹ்யூமனுக்கு ஒன்றரை வயதில் போலியோ வந்தது. ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்கப் போனபோது, சக்கர நாற்காலியில் வரும் குழந்தை தீ விபத்து நேர்ந்தால் ஆபத்து என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் வீட்டுக்கு வந்து ஓர் ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததுதான் அவருடைய தொடக்கக் கல்வி. ஒன்பது வயதில்தான் சிறப்பு வகுப்பு கிடைத்தது. கிட்டத்தட்ட அதே வயதில் ஜெனட் முகாமுக்கும் போனார். பதினெட்டு வயது வரை கோடைதோறும் போய்வந்தவர், பின்பு அங்கேயே வழிகாட்டியாகப் பணியாற்றினார்.

1971ல் ஒரு வீடியோ குழு ஜெனட்டுக்குப் போய்ப் படம் பிடித்தது. அந்தக் காட்சிகளை வைத்து, அங்கே சிறுவனாக இருந்த ஜேம்ஸ் லெப்ரெக்ட், நிக்கோல் நியூன்ஹாமுடன் சேர்ந்து 'கிரிப் கேம்ப்' என்ற ஆவணப்படத்தை 2020ல் வெளியிட்டார். ஆஸ்கர் பரிந்துரை வரை போன படம் அது. அதில் இரண்டு காட்சிகளை உற்றுக் கவனிக்க வேண்டும். ஒன்றில், சமையல்காரருக்கு விடுமுறையான நாளில் என்ன சமைக்கலாம் என்று ஹ்யூமன் கூட்டம் நடத்துகிறார். தானே ஒரு முடிவெடுத்துவிட்டு அறிவிக்கவில்லை; சுற்றியிருப்பவர்களின் விருப்பத்தைக் கேட்டுக் கேட்டு முடிவுக்கு வருகிறார். இன்னொன்றில், பெற்றோரின் அளவுக்கு மீறிய பாதுகாப்பைப் பற்றி இளைஞர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். பேச்சு குழறும் ஒரு பெண்ணின் முறை வருகிறது. வெளியாட்களுக்கு ஒரு சொல்கூட விளங்காது. யாரும் அவசரப்படுத்தவில்லை, இடைமறிக்கவில்லை, பாவம் என்று தலையாட்டவுமில்லை. அவர் பேசி முடிக்கும் வரை எல்லோரும் காத்திருக்கிறார்கள். தனித்திருக்கும் உரிமை தங்களுக்கு மறுக்கப்படுவதைத்தான் அவர் சொல்கிறார் என்று பக்கத்தில் இருந்தவர் புரிந்துகொண்டு மற்றவர்களுக்குச் சொல்கிறார். வீட்டில் என்ன சாப்பாடு என்று ஒருநாளும் கேட்கப்படாத பிள்ளைகள், கூட்டத்தில் தங்கள் முறைக்காக ஒருநாளும் யாரும் காத்திராத பிள்ளைகள், அந்த இரண்டையும் அங்கே முதன்முதலாகப் பெற்றார்கள்.

அதற்குப் பின் நடந்தது வரலாறு. 1970ல், ஆசிரியர் உரிமம் மறுக்கப்பட்ட ஹ்யூமன் நியூயார்க் கல்வி வாரியத்தின் மீது வழக்குத் தொடுத்தார். உரிமம் பெற்று, சக்கர நாற்காலியில் இருந்தபடியே வகுப்பெடுத்தார். மத்திய அரசின் நிதி பெறும் எந்த நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆவது பிரிவு சொன்னது. ஆனால் விதிமுறைகளில் கையெழுத்திடாமல் நான்கு ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரல் 5 அன்று சான் பிரான்சிஸ்கோவில் மத்திய அரசு அலுவலகக் கட்டடத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் நுழைந்து உட்கார்ந்தார்கள். மூன்று வாரத்துக்கும் மேலாக வெளியேறவில்லை. கறுப்பின உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் அமைப்பினர் சூடான உணவு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏப்ரல் 28 அன்று கையெழுத்தானது. முன்னின்று நடத்தியவர் ஹ்யூமன். உள்ளே இருந்தவர்களில் ஜெனட் நண்பர்களும் உண்டு. 1990ல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு அடித்தளமிட்ட போராட்டங்களில் இது முக்கியமானது.

ஒரு முகாம்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொன்னால் அது மிகை. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம், வியட்நாமிலிருந்து காயத்தோடு திரும்பிய படைவீரர்கள், பெர்க்லியில் மாணவர்கள் கட்டிய சுதந்திர வாழ்வு மையம் என்று பல ஓடைகள் வந்து சேர்ந்தன. ஆனால் படுக்கையும் உதவியாளரும் மருந்தும் இல்லாமல் இருக்க முடியாத நூறு பேர், அலுவலகத் தரையில் வாரக்கணக்கில் கூடி வாழ்வது எப்படி என்ற அனுபவத்தை எங்கிருந்து பெற்றார்கள்? ஒருவரை ஒருவர் தூக்கிவிடுவதும், ஊட்டிவிடுவதும், விடிய விடியக் கூட்டம் போட்டு எல்லோரையும் பேசவிடுவதும் அவர்களில் பலருக்கு முன்பே பழகியிருந்தன. ஜெனட் முகாம் அதே 1977ல் பணத்தட்டுப்பாட்டால் மூடப்பட்டது. 1980ல் வேறோர் இடத்தில் திறந்து, 2009ல் நின்றும் போனது. இருந்தாலும் அங்கே வளர்ந்தவர்கள் நிற்கவில்லை. ஹ்யூமன் 2002 முதல் 2006 வரை உலக வங்கியில் மாற்றுத்திறன் மேம்பாட்டுக்கான முதல் ஆலோசகராக இருந்தார். 2023 மார்ச்சில் மறையும் வரை தன்னை வளர்த்த இடங்களில் ஒன்றாக ஜெனட்டைச் சொல்லிவந்தார்.

கூடினால் பிறப்பது

ஜெனட்டை ஒரு விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1962ல், அறிவுசார் குறைபாடுள்ள தன் குழந்தையை எந்தக் கோடை முகாமும் சேர்த்துக்கொள்ள மறுக்கிறது என்று ஒரு தாய் புலம்பியதைக் கேட்ட யூனிஸ் கென்னடி ஷ்ரைவர், மேரிலாந்தில் இருந்த தன் வீட்டுத் தோட்டத்திலேயே முகாமைத் தொடங்கினார். அவருடைய அக்கா ரோஸ்மேரிக்கும் அறிவுசார் குறைபாடு. 1941ல் செய்த மூளை அறுவைச் சிகிச்சை அவரை நிரந்தரமாக முடக்கியிருந்தது. முப்பது சொச்சம் குழந்தைகளுக்குக் கிட்டத்தட்ட ஆளுக்கொரு துணை என்ற கணக்கில் உயர்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். நீந்தக் கூடாது, ஓடக் கூடாது, பந்து விளையாடத் தெரியாது என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகள் அத்தனையும் செய்தார்கள். அந்தத் தோட்டத்து முகாமிலிருந்து வளர்ந்ததுதான் 1968ல் சிகாகோவில் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ். இன்று இந்தியா உட்பட உலகெங்கும் அதன் கிளைகள் இருக்கின்றன.

இன்னும் வியப்பான சான்று நிகரகுவா நாட்டில் கிடைக்கிறது. 1970களின் கடைசி வரை அங்கே காது கேளாத குழந்தைகள் தத்தம் வீடுகளில் தனித்தனியே வளர்ந்தார்கள். வீட்டுக்கு ஒரு விதமாக நாலைந்து சைகைகள்தான் இருந்தன. 1977லும் 1980லும் தலைநகர் மனாகுவாவில் அவர்களுக்கான பள்ளிகள் திறக்கப்பட்டபோது, ஆசிரியர்கள் உதட்டசைவைப் படிக்கக் கற்றுக்கொடுக்க முயன்றார்கள். அது பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் விளையாட்டு மைதானத்திலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகள் தங்களுக்குள் கைகளால் பேசிப் பேசி, இலக்கணம் உடைய புத்தம்புது மொழியையே உருவாக்கிவிட்டார்கள். இன்று அது நிகரகுவா சைகை மொழி என்று மொழியியல் நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. பாடத்திட்டமோ பயிற்றுநரோ அதைத் தரவில்லை. தங்களைப் போன்றவர்களோடு தாராளமாகச் சேர்ந்திருக்கக் கிடைத்த நேரம் தந்தது. காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த நேரம் எவ்வளவு அரிய பொருள் என்பது விளங்கும்.

முகாம் நடத்தத் தெரிந்த ஊர்

இந்த வரலாற்றை மதுரையில் உட்கார்ந்து பேசக் காரணம் இருக்கிறது. முகாம் என்ற ஏற்பாட்டை உலகத்துக்கே கற்றுக்கொடுத்த ஊர்களில் ஒன்று மதுரை. எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமிக்கு இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் வளைந்துபோயின. தன் கைக்கேற்ற கருவிகளைப் பழகிக்கொண்டு கண் அறுவைச் சிகிச்சை நிபுணரானார். 1960களில் அரசுப் பணியில் இருந்தபோதே கிராமங்களில் கண் முகாம்களை நடத்தியவர், ஓய்வு பெற்றபின் 1976ல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். சுற்றுவட்டாரக் கிராமங்களில் கற்ற பாடம் ஒன்று அவர் முறையையே மாற்றியது. இலவசச் சிகிச்சை என்று அறிவித்தும் பார்வை இழந்தவர்களில் பலர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஆராய்ந்து கிரிஜா பிரில்லியன்டுடன் சேர்ந்து 1981ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பஸ்ஸுக்குக் காசில்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை, கூட வர ஆளில்லை, பயம். காரணங்கள் இவ்வளவுதான். சிகிச்சை மட்டும் இலவசமாக இருந்தால் போதாது. வண்டி அனுப்பி அழைத்து வந்து, தங்கவைத்து, சோறு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும் என்பது அரவிந்த் முறையின் அடிப்படையானது. ஹார்வர்டு வணிகப் பள்ளி வரை அது பாடமாகப் போயிருக்கிறது.

கோடை முகாமுக்குத் தேவையான அறிவில் பாதி இதிலேயே இருக்கிறது. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ திருமங்கலத்திலோ ஒரு கிராமத்துக் குழந்தை முகாமுக்கு வராமல் போவதற்கான காரணமும் அதே பட்டியல்தான்: வண்டி, சாப்பாடு, துணை, பயம். மீதிப் பாதி, முகாமை யார் நடத்துவது என்பது. அதற்கும் நம் பக்கத்திலேயே முன்மாதிரிகள் உண்டு. தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975ல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். பின்னர் அவரோடு சேர்ந்த எஸ். சங்கரராமன் தசைச் சிதைவு நோய் கொண்ட பட்டயக் கணக்கர். மதுரையிலேயே சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை 1985ல் நிறுவிய எஸ்.எம்.ஏ. ஜின்னாவும் பார்வை இழந்தவர்தான். மாற்றுத்திறனாளிகளால் பெரிய அமைப்புகளைக் கட்டி நடத்த முடியும் என்பதற்கு இதற்கு மேல் நிரூபணம் வேண்டியதில்லை. குறை தீர்க்கவும் கல்வி தரவும் வேலை தேடித் தரவும் இத்தனை அமைப்புகளும் ஆளுமைகளும் இருக்கும் வட்டாரத்தில், வெறுமனே கூடி விளையாடவும் சேர்ந்து முடிவெடுக்கவும் ஓர் ஆண்டுக் கோடை முகாம் நிலையான ஏற்பாடாக வேர்விடவில்லை என்பதுதான் குறை.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. விளையாட்டு, பொழுதுபோக்கு, ஓய்வு ஆகியவற்றில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் மற்ற குழந்தைகளுக்குச் சமமான பங்கு உண்டு என்று ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு சொல்கிறது. இந்தியா 2007 அக்டோபரில் அதை ஏற்று உறுதி செய்தது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 29, 30ஆவது பிரிவுகள் பண்பாடு, பொழுதுபோக்கு, விளையாட்டு ஆகியவற்றை அரசின் கடமைகளில் சேர்க்கின்றன. மகிழ்ச்சியையும் அரசு செலவு செய்து தர வேண்டும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை செய்தும் காட்டியது. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் கடலலை வரை போவதற்காக 2022 நவம்பரில் மெரினாவில் நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தபோது, வீண்செலவு என்று விட்டுவிடாமல் சீரமைத்தார்கள். கால் நனைக்கும் ஆசை ஓர் உரிமைதான் என்று ஒப்புக்கொண்ட அரசிடம், ஒரு வாரம் விளையாடும் உரிமையைக் கேட்பது அதிகப்படியான கோரிக்கை அல்ல.

மறுப்புகளும் பதில்களும்

முதல் மறுப்பு நியாயமானது. பள்ளிக்கே போக முடியாத குழந்தைகள் இத்தனை பேர் இருக்கும்போது கோடை முகாம் ஆடம்பரம் இல்லையா? 2019ல் வெளியான யுனெஸ்கோ அறிக்கையின்படி இந்தியாவில் 5 முதல் 19 வயது வரையுள்ள மாற்றுத்திறன் குழந்தைகளில் நான்கில் ஒருவர் எந்தக் கல்வி நிலையத்துக்கும் போவதில்லை. அப்படியிருக்க முதலில் பள்ளி, பிறகு வேலை, கடைசியில் விளையாட்டு என்று வரிசை போடத் தோன்றும். ஆனால் நடைமுறையில் அந்த வரிசை தலைகீழாகவும் வேலை செய்கிறது. படிப்பு நின்றுபோன குழந்தையைத் தேர்வும் வருகைப்பதிவும் உள்ள பள்ளியை நோக்கி நகர்த்துவதைவிட, பயமில்லாத ஒரு வாரத்துக்கு அழைத்துவருவது எளிது. தன் பிள்ளை வேறு பிள்ளைகளோடு தங்கிச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததைக் கண்ணால் கண்ட தாய், ஜூன் மாதத்தில் பள்ளி வாசலுக்கு வரத் துணிவார். பள்ளிக்குத் தடையாக இருப்பதில் பாதி படிக்கட்டு என்றால், மறுபாதி இந்தத் துணிவின்மைதான்.

இரண்டாவது மறுப்பு கொள்கை சார்ந்தது. எல்லாக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் படிக்க வேண்டும் என்று பேசும் காலத்தில், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்று தனி முகாம் போடுவது மறுபடியும் ஒதுக்கிவைப்பது ஆகாதா? கல்வியில் ஒருங்கிணைப்பு வேண்டும் என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் முப்பது பேர் வகுப்பில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குத் தன்னைப் போன்ற இன்னொருவரைக் காணும் வாய்ப்பே இல்லாமல் போகலாம். வீல் சேரில் போகும் அக்கா ஒருவர் வேலைக்குப் போகிறார், கல்யாணம் செய்துகொண்டிருக்கிறார், கோபப்படுகிறார், சண்டை போடுகிறார் என்பதை அது எங்கே பார்க்கும்? ஒதுக்கிவைப்பதற்கும் ஒன்றுகூடுவதற்கும் வித்தியாசம் உண்டு. ஒதுக்கும்போது முடிவு அடுத்தவருடையது, கால எல்லை கிடையாது. கூடும்போது விருப்பம் தன்னுடையது, ஒரு வாரம் முடிந்ததும் எல்லோரும் ஊர் திரும்புகிறார்கள். திரும்பும்போது ஊரோடு சேர்ந்து வாழும் தெம்பும் கூடியிருக்கிறது. முகாமின் கடைசி இரண்டு நாட்களில் அண்ணன், தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டால் இரண்டு நோக்கமும் நிறைவேறும்.

மூன்றாவது, பாதுகாப்பு பற்றிய அச்சம். இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகியதை இந்த வட்டாரம் மறக்க முடியாது. பிள்ளையை வெளியே அனுப்ப அஞ்சும் பெற்றோரின் பயத்துக்கு அர்த்தம் உண்டு. ஆனால் ஏர்வாடி கற்பிப்பது என்ன? யாரும் எட்டிப்பார்க்காத கொட்டகையும், கேள்வி கேட்க முடியாதபடி மனிதர்களைக் கட்டிப்போட்டதும்தான் அந்தப் பேரிழப்பை உண்டாக்கின. பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கக்கூடிய, போக்சோ சட்டம் குறித்துப் பயிற்சி பெற்றவர்கள் நடத்தும், ஒரு குழந்தையோடு ஒரு பெரியவர் மட்டும் தனித்திருக்கக் கூடாது என்ற விதியுள்ள, திறந்த முகாம் அதற்கு நேர் எதிரானது. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லக் குழந்தைக்குப் பழக்குவதும் பாதுகாப்பின் பகுதியே. என்ன சாப்பிடலாம் என்று கேட்கப்பட்டுப் பழகிய குழந்தைக்குத்தான் வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரும்.

நான்காவது, வெயில். மே மாதத்தில் மதுரை நாற்பது டிகிரியைத் தொடும். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களின் உடல் சரியாக வியர்க்காது. வலிப்புக்குத் தரும் சில மருந்துகளும் வியர்வையைக் குறைக்கும். ஆகவே மருத்துவக் கவனத்தோடுதான் திட்டமிட வேண்டும்: காலை ஒன்பதரைக்குள் வெளி விளையாட்டு, நடுப்பகலில் உள்ளே கைவேலை, கதை, தூக்கம், மாலை ஐந்துக்குப் பின் மறுபடி மைதானம். அல்லது மலையேறலாம். மதுரை வெயிலுக்குத் தாக்குப்பிடிக்க முடியாத அமெரிக்க மதுரை மிஷன் குடும்பங்கள் சிறுமலையை முயன்று பார்த்துவிட்டு 1845ல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டின. இன்று சிறுமலைக்கு நல்ல சாலை இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து சிறிது நேரப் பயணம்தான்.

கடைசி மறுப்பைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. பதக்கத்தை வைத்து மறைமுகமாகச் சொல்கிறார்கள். 2022ல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற மதுரைப் பெண் ஜெர்லின் அனிகாவை நகரமே கொண்டாடியது. கொண்டாட வேண்டிய சாதனைதான். அதனால் மாற்றுத்திறன் குழந்தைகளின் விளையாட்டு என்றாலே சாதிக்கப் போகிறவர்களைத் தேடிப் பயிற்சி தருவது என்று நினைக்கத் தொடங்கினால், பதக்கம் வாங்கப் போகாத ஆயிரக்கணக்கான குழந்தைகள் மைதானத்துக்கு வெளியே நின்றுவிடுவார்கள். மற்ற குழந்தைகளை அப்படி நாம் நடத்துவதில்லை. தெருவில் கிரிக்கெட் ஆடும் பையனிடம் இந்திய அணிக்குத் தேர்வாவாயா என்று கேட்டுவிட்டா மட்டையைக் கொடுக்கிறோம்?

எப்படி நடத்தலாம்

ஆள்பலம் பெரிய சிக்கலாகத் தோன்றும். ஆனால் மதுரையைச் சுற்றி அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி, தியாகராசர் கல்லூரி தொடங்கி எத்தனையோ கல்லூரிகள் இருக்கின்றன. நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் ஒவ்வொரு மாணவரும் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவையும், ஏழு நாள் சிறப்பு முகாமும் முடிக்க வேண்டும். கிராமத்துக் கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்வதோடு முடிந்துவிடும் அந்த ஏழு நாட்களில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பிவிடலாம். 1962ல் ஷ்ரைவர் வீட்டுத் தோட்டத்தில் நடந்ததும் இதே ஏற்பாடுதான்: குழந்தைக்கு ஒரு மாணவர் துணை. தங்குமிடத்துக்கு விடுமுறையில் காலியாகக் கிடக்கும் கல்லூரி விடுதிகள் இருக்கின்றன. சாய்தளமும் கைப்பிடி உள்ள கழிப்பறையும் அங்கே அமைத்துவிட்டால் ஆண்டு முழுவதும் அங்கு படிக்கும் மாற்றுத்திறன் மாணவர்களுக்கும் பயன். பணத்துக்கு, ஆயிரத்து எழுநூறு கோடி ரூபாய்க்கும் மேல் மதிப்பில் உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டம் இருக்கிறது; மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியும் தத்தம் பங்கைத் தரலாம்.

நிகழ்ச்சிகளுக்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. பல்லாங்குழி பார்வையற்ற குழந்தைக்கென்றே செய்ததுபோன்ற ஆட்டம். குழியில் விரல் விட்டு எண்ணினால் போதும், கண்ணிருப்பவரைவிட வேகமாக ஆடலாம். உள்ளே மணி ஒலிக்கும் பந்தை வைத்துக் கிரிக்கெட், சக்கர நாற்காலியில் இருந்தே ஆடக்கூடிய போச்சியா பந்தாட்டம், கை நடுங்கினாலும் பிடிக்க வசதியான தடித்த தூரிகை, காது கேளாத பிள்ளைகள் தரையதிர்வில் தாளம் உணரும் பறை. சத்தம் தாங்காத ஆட்டிசம் குழந்தைக்கு எப்போது வேண்டுமானாலும் போய் உட்கார ஓர் அமைதி அறை. ஒரு நாள் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாற்றுத்திறனாளிகள் பிரிவு, ஒரு நாள் வைகை அணைப் பூங்கா. இவற்றைவிட முக்கியம், இரவில் கூடும் சபை. நாளை காலை இட்லியா பொங்கலா என்பதிலிருந்து, யார் யாருடன் ஒரே அறையில் தூங்குவது என்பது வரை அங்கே குழந்தைகளே பேசி முடிவெடுக்க வேண்டும். பேச முடியாதவர் படத்தைத் தொட்டுக் காட்டட்டும், நேரமாகட்டும், காத்திருக்கலாம்.

பொறுப்பாளர்களில் குறைந்தது பாதிப்பேர் மாற்றுத்திறனாளிகளாக இருந்தே தீர வேண்டும். இது சலுகைக்காகச் சொல்வதல்ல; முகாமின் பலனே இதில்தான் அடங்கியிருக்கிறது. ஜெனட்டில் ஹ்யூமன் வழிகாட்டியாக நின்றதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் நாளைக்கு நாமும் அப்படி நிற்கலாம் என்று நம்பினார்கள். புத்தாடை கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, தலைவர்கள் பேசி முடித்துக் கலைந்துபோகும் ஒருநாள் விழாவாக இது சுருங்கிவிட்டால், குழந்தைகள் மதிப்பீட்டு முகாமில் கற்ற பாடத்தையே இங்கும் கற்பார்கள்: முடிவு மேடையில் இருப்பவருடையது, நம் வேலை உட்கார்ந்திருப்பது. அப்படி நடத்துவதைவிட நடத்தாமலே இருக்கலாம்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.8 லட்சம் பேர். அவர்களுக்கான சட்டங்களையும் திட்டங்களையும் பெரும்பாலும் மற்றவர்கள்தான் இதுவரை வகுத்துவந்திருக்கிறார்கள். அந்த மேசையில் நாளை உட்காரப் போகிற அதிகாரியும் வழக்கறிஞரும் ஆசிரியரும் சட்டமன்ற உறுப்பினரும் இன்று மேலூரிலும் வாடிப்பட்டியிலும் குழந்தைகளாக வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள். ஒரு கூட்டத்தில் கைதூக்கிப் பேசவும், எதிர்த்துச் சொல்லவும், இன்னொருவரின் முறைக்காகப் பொறுத்திருக்கவும் அவர்கள் எங்கோ பழக வேண்டும். கண் முகாமுக்கு வண்டி அனுப்பக் கற்றுக்கொண்ட மதுரை, வரும் கோடையில் ஐம்பது குழந்தைகளுக்கு வண்டி அனுப்பித் தொடங்கலாம். மாவட்ட நிர்வாகமும் இரண்டு கல்லூரிகளும் ஆய்க்குடி, சுந்தரராஜன்பட்டி போன்ற இடங்களின் அனுபவசாலிகளும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் அதற்கான திட்டத்தை ஒரு மாதத்தில் எழுதிவிடலாம். எழுதும் அந்த மேசையிலேயே மாற்றுத்திறன் குழந்தைகள் சிலரும் உட்கார்ந்து, தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும் என்பதுதான் முதல் நிபந்தனை.